சிங்கப்பூர் அரிசி

முப்பது பெண்களுக்கு முன்னால் நின்று, அன்றாட வாழ்க்கையில் பரிசுத்தமாக இருப்பது எப்படி என்று பேச ஒப்புக்கொண்டுவிட்டேன். என் வாய் எப்போதும் மூளைக்கு இரண்டு நிமிடம் முந்தி ஓடும்.

சிங்கப்பூரில் எங்கள் சபைப் பெண்களின் ஒருநாள் கூடுகை அது. உட்கார்ந்து ஆறு பக்கம் எழுதினேன். வெகு ஜோராக வந்தது. ஏழாவது பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு மஞ்சள் பையும் அதற்குள் கிடந்த அரிசியும் கண்ணுக்குள் வந்து நின்றன.

ஒன்பது வருடத்துக்கு முந்திய கதை. என் வீட்டுக்காரர் சாமுவேலுக்கு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அவருடைய அக்கா ரூபி மதினி, தம்பியைப் பார்ப்பதற்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முதல்முறையாக விமானம் ஏறி வந்தார். வந்ததும் வராததுமாக என் கையில் அந்தப் பையைக் கொடுத்து, "தம்பிக்குப் பொங்கிக் குடு" என்றார். பிரித்துப் பார்த்தேன். பச்சரிசி, புழுங்கலரிசி, சிவப்பரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடந்தன. நடுவில் இரண்டு வண்டுகள் வேறு உலாத்திக்கொண்டிருந்தன. நோயாளி இருக்கிற வீடு! "சீ, கொஞ்சம்கூடச் சுத்தமே இல்லை" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சமையலறைச் சுவரில் கீழ்த்தளம்வரை இறங்கும் குப்பைக் குழாயில் கொட்டினேன். திரும்பினால், வாசலில் மதினி நிற்கிறார்.

அவர் நேரே போய்த் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டார். நான்கு நாள் இருந்தார், தம்பியோடு சிரித்துப் பேசினார், போய்விட்டார். அது கைப்பிடி அரிசி என்று பிறகுதான் சாமுவேல் சொன்னார். அவர்கள் ஊரில் உலை வைக்கும் முன்னால் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு கை அரிசியை எடுத்துத் தனியே ஒரு பாத்திரத்தில் போடுவாராம். அது கோயிலுக்கு; சர்ச்சைத்தான் அங்கே கோயில் என்பார்கள். ஊர் அரிசி மொத்தமும் சேர்ந்ததும் ஜெபம் பண்ணி, நோயாளிகள் இருக்கிற வீட்டுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்புவார்களாம். சுத்தமில்லை என்று நான் கொட்டியது, ஒரு ஊரே பரிசுத்தம் என்று பிரித்து வைத்தது.

மன்னிச்சிருங்க மதினி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனில் சொல்லக் கூச்சம், கடிதத்தில் எழுத வெட்கம். அப்படியே ஒன்பது வருடம் ஓடிவிட்டது. "இந்த லட்சணத்துல நான் பரிசுத்தத்தப் பத்திப் பேசுனா மைக்கே வாய மூடிக்கும்" என்றேன் சாமுவேலிடம். "பேச்ச அப்புறம் பாப்போம். ஊர்ல அசனம் வருது. நேர்ல போய்ச் சொல்லிட்டு வா" என்றார். அசனம் என்றால் கோயில் பண்டிகையின் பொதுச் சாப்பாடு. ஊரே ஒரு பந்தலில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிடும்.

போவதுதான் போகிறோம், பரிசுத்தமாகவே போவோம் என்று ஒரு குட்டி நோட்டு வாங்கினேன். கோபம், பொய், புறணி, முணுமுணுப்பு என்று நான்கு கட்டம் போட்டேன். மதினி முன்னால் போய் நிற்கும்வரை இதில் ஒன்றையும் செய்வதில்லை என்று தீர்மானம். தவறினால் ஒரு பெருக்கல் குறி. கிளம்புகிற அன்று காலையிலேயே, மேல்வீட்டு அம்மாள் பிழியாமல் தொங்கவிட்ட துணியிலிருந்து காய்ந்துபோன என் சேலைமேல் தண்ணீர் சொட்டோ சொட்டென்று சொட்டியது. லிஃப்டில் அந்த அம்மாளைப் பற்றி நான் சொன்னது இங்கே எழுதத் தக்கதல்ல. கோபத்துக்கு ஒன்று, புறணிக்கு ஒன்று, கடல் தாண்டும் முன்பே இரண்டு பெருக்கல் குறி!

திருநெல்வேலியில் இறங்கியதும் முதல் வேலையாக அல்வா. நான் சென்னையில் பிறந்தவள், கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த ஊருக்கு வந்ததே இல்லை. பார்சலில் வந்து விறைத்துப்போன அல்வாதான் எனக்குப் பழக்கம். இங்கே சுடச்சுட வாழையிலைத் துண்டில் வைத்துத் தருகிறார்கள். மெல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் தொண்டைக்குப் போய்விட்டது. "இன்னொண்ணு" என்றேன். கடைக்காரர், "பையச் சாப்பிடுங்க, அல்வா எங்கயும் போவாது" என்றார். பெருந்தீனிக்கு நோட்டில் கட்டம் போடாமல் விட்டதற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன்.

அல்வா மயக்கத்தில் பஸ் ஏறியதுதான் வினை. சாமுவேல் ஊர் சந்தோஷபுரம். ஆழ்வார்திருநகரியில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். பெரிய பெயர், 'ஆ'வில் ஆரம்பிக்கும் என்று மனதில் குறித்துக்கொண்டிருந்தேன். நகர ஆரம்பித்த பஸ்ஸின் முன்னால் ஒரு பெரிய பெயர் தெரிந்தது. பாய்ந்து ஏறிவிட்டேன். சிங்கப்பூரில் கதவு மூடிவிட்டால் மூடியதுதான். இங்கே ஓடுகிற பஸ் எனக்காக மெதுவாகி, உள்ளிருந்து ஒரு கை நீண்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டது. என்ன அருமையான ஊர் என்று பூரித்துப்போனேன்.

அரைமணி கழித்து வந்த கண்டக்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "ஆழ்வார்திருநகரியா? யக்கா, அது கெழக்கல்லா! இது அம்பாசமுத்திரம் வண்டி, மேக்க போவுது."

"போர்டப் பெரிசா எழுதி வைக்கக் கூடாதா?" என்று சீறினேன். போர்டு என் வீட்டுக் கதவளவு இருந்தது என்பது வேறு விஷயம்.

முன் சீட்டு அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். "கோவப்படாதீங்க. பூமி உருண்டைதான? இப்படியே மேக்க போனியன்னா சுத்திக்கிட்டு ஆழ்வார்திருநகரிக்கே வந்துரலாம்." பஸ் மொத்தமும் சிரித்தது. நான் மட்டும் உர்ரென்று இருந்தேன். கோபம், ஒரு குறி.

அந்த நேரம் பார்த்து சாமுவேல் போன் செய்தார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது, ஆழ்வார்திருநகரி பக்கத்தில் வந்துவிட்டேன் என்றேன். "அப்படியா, என்ன தெரியுது?" என்று ஆசையாகக் கேட்டார். "அழகா மலை தெரியுதுங்க" என்றேன். "ஆழ்வார்திருநகரியில ஏதும்மா மலை?" என்றார். பொய், ஒரு குறி.

வந்தது வந்தோம் என்று அம்பாசமுத்திரத்தில் இறங்கி, ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் கூட்டாஞ்சோறு தின்றேன். காயும் பருப்பும் அரிசியும் ஒரே பானையில் வெந்து குழைந்த சோறு. பிறகு ஆற்றுக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து தாமிரபரணியில் காலை விட்டேன். அடேயப்பா, என்ன குளிர்ச்சி! எதிரே மலை நீலமாக நின்றது. பக்கத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண், "யக்கா, குளிக்கணும்னா குளிங்க, சேலைய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். முன்பின் தெரியாதவள். குளிக்கத் துணிச்சல் வரவில்லை. ஆனால் திரும்பி, அன்று இரவு தங்கப் பாளையங்கோட்டையில் எடுத்த விடுதிக்கு வந்து சேரும்வரை நான் முணுமுணுக்கவில்லை. அந்தக் கட்டம் மட்டும் இன்னும் காலியாக இருந்தது.

மறுநாள் போர்டை மூன்று தடவை படித்து, இரண்டு பேரிடம் கேட்டு, சரியான பஸ்ஸில் ஏறினேன். நெல்லும் வாழையுமாக வழி நெடுகப் பச்சை. ஆழ்வார்திருநகரியில் இறங்கி, ஐயர் வீட்டை விசாரிக்கச் சொல்லியிருந்தார் சாமுவேல். சந்தோஷபுரம் பஸ் எப்போது வரும் என்று ஐயரம்மா சொல்லுவாராம். பூக்காரரிடம் கேட்டேன். ஒரு தெருவைக் காட்டினார். வாசலில் அழகான பெரிய கோலம் போட்ட வீடு. வெளியே வந்த பெரியவரைப் பார்த்து, தலை குனிந்து, பக்தியாக, "ஸ்தோத்திரம் ஐயரே!" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தால், நெற்றி நிறையத் திருநாமம்.

திருநெல்வேலிச் சீமையில் எங்கள் சபைப் போதகரையும் ஐயர் என்றுதான், அவர் மனைவியை ஐயரம்மா என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியும். ஆனால் இது பெருமாள் ஊர், இங்கே ஐயர் வீடு எது என்று கேட்டால் பூக்காரர் எங்கே அனுப்புவார் என்று யோசிக்க மூளை வேண்டுமே! ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பெட்டி கனத்தது.

பெரியவர் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். மொதல்ல, நாங்க ஐயர் இல்லம்மா, ஐயங்கார். அடுத்தது, நீங்க தேடற ஐயர் வேற ஐயர். வெயில்ல நிக்காதீங்கோ, உள்ள வாங்கோ."

அவருடைய மனைவி மோர் கொண்டுவந்தார். வாங்கப் போன என் கையைப் பார்த்ததும் ஓர் அடி பின்னால் நகர்ந்து, தம்ளரைத் தரையில் வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்கோ, நான் மடியா இருக்கேன். பெருமாளுக்குத் தளிகை நடந்துண்டிருக்கு" என்றார். சாமிக்குப் படைக்கும் சமையல் முடியும்வரை யாரையும் தொடக் கூடாதாம். சுருக்கென்றுதான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அடுத்த கணமே, இரண்டு விரல் நுனியில் மஞ்சள் பையைப் பிடித்துக் குப்பைக் குழாய்க்கு நடந்த என் கை ஞாபகம் வந்தது. இந்த அம்மாளாவது முகம் பார்த்துக் காரணம் சொல்லி, கடுகு தாளித்த மோரும் கொடுத்தார். நான் என்ன சொன்னேன்? சீ என்றேன். மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டேன்.

பெரியவரே தெருமுனை வரை வந்து பஸ் காட்டினார். "உங்க ஐயரைப் பார்த்தா கேட்டேன்னு சொல்லுங்கோ. மோர் குடிக்க வரேன்னார், ஆளையே காணோம்."

சந்தோஷபுரம் டவுன் பஸ்ஸில் நான் காசை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை. "பொம்பளையாளுக்குத் துட்டு கெடையாதுக்கா."

"அப்ப டிக்கெட்டும் வேண்டாமா?"

"டிக்கெட் உண்டு. சும்மாதான் குடுக்கோம், ஆனா கை நீட்டி நீங்கதான் வாங்கணும்."

கிருபையைப் பற்றி நான் இரண்டரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். இந்த மனிதர் இரண்டு வரியில் முடித்துவிட்டு விசில் ஊதினார்.

பக்கத்தில் செல்லக்கனி என்ற பெண், மடியில் ஒரு குலை வாழைக்காயோடு. யார் வீட்டுக்கு என்று கேட்டாள். ரூபி மதினி வீட்டுக்கு, சிங்கப்பூரிலிருந்து என்றேன். அவள் முகம் அப்படியே மலர்ந்துபோனது. பின் சீட்டைப் பார்த்துக் கத்தினாள்: "ஏளா, இங்கன பாருங்க, நம்ம சிங்கப்பூர் அரிசி வந்திருக்காவ!"

"சிங்கப்பூர் அரிசியா? இவியளா?" என்று நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. ஊருக்கே தெரிந்திருக்கிறது! அரிசியைக் குப்பையில் கொட்டியவள் என்று எனக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். மதினி சொல்லாமல் எப்படித் தெரியும்? வாய் திறக்காமல் போன மதினி, ஊருக்கு வந்து எல்லாரிடமும் ஒப்பித்திருக்கிறார்! நோட்டை எடுக்கவே இல்லை. கட்டம் பத்தாது.

ரூபி மதினி நெடுநெடுவென்று அப்படியேதான் இருந்தார். தலை மட்டும் நரைத்திருந்தது. "வந்துட்டியா? கை கழுவிட்டு உக்காரு, சோறு ஆறுது" என்றார். மீன் குழம்பும் அவியலும். சாப்பிட்டுக்கொண்டே, "மதினி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். அவர் போனதும், "மதினி, அன்னைக்கு" என்றேன். வாழைத்தோட்டத்தில் மாடு புகுந்துவிட்டது என்று மதினி ஓடினார். சாயங்காலம் கோயிலில் பாடல் பயிற்சி. நான் மூன்று தடவை தொண்டையைச் செருமியதைப் பார்த்து மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க வந்தவள் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலை, அசனத்துக்கு அரிசி சுத்தம் பண்ணக் கோயில் வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெண்கள் சொம்பிலும் டப்பாவிலும் கொண்டுவந்த கைப்பிடி அரிசியை ஒரு பெரிய ஓலைப்பாயில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பச்சரிசி, புழுங்கலரிசி, சிவப்பரிசி, ரேஷன் அரிசி. அதே அரிசி! என் கையில் ஒரு சுளகைக் கொடுத்துப் புடைக்கச் சொன்னார்கள். சென்னையில் அதை முறம் என்போம். எனக்குப் பெயர்தான் தெரியும், வித்தை தெரியாது. ஒரு தட்டுத் தட்டினேன். கல் சுளகிலேயே இருந்தது. அரிசி பறந்துபோய், அசனத்துக்காக ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்திருந்த ஐயரம்மா தலையில் விழுந்தது.

"சிங்கப்பூர் அரிசிக்குப் பொடைக்கத் தெரியலியே!" என்று செல்லக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். வராந்தாவே சிரித்தது.

எனக்குள் ஏதோ உடைந்தது. சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "போதும்! உங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, இனிமே மறைச்சு என்ன? ஆமா, கொட்டினேன். மதினி ஆசையாக் கொண்டுவந்த கைப்பிடி அரிசிய, சுத்தமில்லன்னு சொல்லி, இந்தக் கையாலதான் குப்பையில கொட்டினேன். அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். போதுமா?" அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சுளகுகள் நின்றுவிட்டன.

"எந்த அரிசிய?" என்றாள் செல்லக்கனி.

மதினி தலையில் அடித்துக்கொண்டார். "ஏளா எஸ்தரு, ஒம்பது வருசமா நான் வாயத் தொறக்கல. நீ வந்த மறுநாளே ஊரக் கூட்டி வச்சுச் சொல்லிட்டியே!"

ஒருத்திக்கும் தெரியாது. ஒருத்திக்கும்! "அப்புறம் ஏன் என்னை அப்படிக் கூப்பிடுறீங்க?" என்று தடுமாறினேன். செல்லக்கனி பாயின் ஓரத்தைக் காட்டினாள். அங்கே வீட்டுக்கு ஒன்றாகப் பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. மதினியின் செம்புக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். எப்போதோ யாரிடமோ நான் கொடுத்தனுப்பியது. மேலே வெள்ளைப் பெயிண்டில் கோணல்மாணலாக, 'சிங்கப்பூர்' என்று எழுதியிருந்தது.

"எல்லா வீட்டுக்கும் ஒரு பாத்திரம், இவியளுக்கு மட்டும் ரெண்டு. தம்பி பொண்டாட்டி வீட்டு அரிசின்னு தனியா கொண்டாருவாவ. கடலுக்கு அங்கன இருந்துக்கிட்டு நம்ம கோயிலுக்குக் கைப்பிடி எடுத்து வைக்கச் சொல்லுதாவளே, எம்புட்டு பக்தியான பிள்ளைன்னுல்லா நாங்க நெனச்சோம்!" என்றாள் செல்லக்கனி.

நான் மதினியைப் பார்த்தேன். அவர் பாயில் கிடந்த அரிசியைக் கையால் அளைந்துகொண்டே பேசினார்.

"கோவம்னா கோவம், மண்டை கொதிச்சுப்போச்சு. ஊருக்கு வந்து அடுப்பு முன்ன நின்னா ஒன் மொகந்தான் வருது. கோயிலுக்கு ஒரு கை எடுத்தேன். இத்தன கோவத்தோட எடுத்த அரிசிய எப்படிக் கொண்டு வைக்க? இன்னொரு கை எடுத்து, 'அரிசியக் கொட்டுன மூதேவி, இந்தா ஒனக்கும் ஒண்ணு'ன்னு அந்த டின்னுல போட்டேன். தெனமும் திட்டிக்கிட்டேதான் போட்டேன், பொய் சொல்லல. வருசம் ஒண்ணு ஓடியிருக்கும். ஒருநாள் பாத்தா, திட்டு வரல. அரிசி மட்டும் கையில இருந்துச்சு. அதுக்கப்புறம் பழகிப்போச்சு."

நான் அவர் தோளில் முகத்தை வைத்துச் சத்தம் போட்டு அழுதேன். "மன்னிச்சிருங்க மதினி." அவர் என் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். "எப்பவோ மன்னிச்சாச்சு. இப்பம் கல்லப் பொறுக்கு, நாளைக்கு ஊரு சாப்பிடணும்."

அன்று மத்தியானம்வரை கல் பொறுக்கினேன். வண்டு வந்தது, எடுத்துத் தள்ளினேன், அவ்வளவுதான். ஞாயிறு காலை கோயிலில் அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்துக்கு மதினியின் பக்கத்தில் முழங்கால் போட்டேன். எங்கள் இரண்டு பேர் கையிலும் அரிசித் தவிடு வாசனை இருந்தது.

பிறகு அசனம்! மலைபோலச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ஊர் மொத்தமும் வரிசையாக. கலப்பு அரிசியானதால் ஒரு பருக்கை குழைந்திருந்தது, ஒரு பருக்கை விறைத்திருந்தது. நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். நடுவில், ஐயங்கார் பெரியவர் மோர் குடிக்கக் கூப்பிட்ட செய்தியைச் சொல்ல ஐயரிடம் போனேன். அவர் வாயில் நறுக்கென்று ஒரு சத்தம். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "யாரு பொடைச்ச அரிசி இது?" என்றார். பந்தல் முழுக்க ஒரே குரலில் பதில் வந்தது: "சிங்கப்பூர் அரிசி!" மதினி சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

சிங்கப்பூருக்கு வந்ததும் அந்த ஆறு பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். கூடுகையில் அரிசிக் கதையை மட்டும் சொன்னேன், பத்து நிமிடம்.

மறுநாள் காலை பால்கனிக்குப் போனால், மேல்வீட்டு அம்மாளின் போர்வையிலிருந்து என் புதுச் சேலைமேல் தாரை தாரையாகத் தண்ணீர்! அப்படியே சமையலறைக்குத் திரும்பி வந்து குக்கருக்கு அரிசி அளந்தேன். கோயிலுக்கென்று ஒரு கை எடுத்துத் தனியே வைத்தேன். பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின்னை இறக்கித் துடைத்து, இன்னொரு கை அரிசி எடுத்து அதில் போட்டேன். திட்டிக்கொண்டேதான் போட்டேன்.